இன்றைக்கு என்ன இல்லை?

"தக்காளி இல்லை, அதனால் ரசம் வெறும் புளி ரசம்தான். துவரம்பருப்புச் சாம்பார் இல்லை. உருளைக்கிழங்கு எப்போதுமே கிடையாது. உட்காருங்கள் தம்பி."

முதல் நாள் அந்தக் கடையில் எனக்குக் கிடைத்த வரவேற்பு இதுதான். கார்த்திகை மாதம், விடாத தூறல். ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், திண்ணையை இடித்து வாசலாக்கிய பழைய வீடு. ரேழியில் கைகழுவும் தொட்டி. கூடத்தில் ஐந்து மேசைகள். பதினெட்டுப் பேர் உட்காரலாம், பத்தொன்பதாவது ஆள் வந்தால் ஊஞ்சலில் காத்திருக்க வேண்டும். பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரைக்கும்தான் சாப்பாடு. காபி, டீ, மாலைப் பலகாரம் எதுவும் இல்லை. பெயர்ப்பலகையும் இல்லை. வாசல் நிலைக்குப் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளின் கறுப்புச் சிலேட்டு ஒன்று தொங்கும். நடுவில் கோடு கிழித்து இடப்பக்கம் 'இருப்பது' என்றும் வலப்பக்கம் 'இல்லாதது' என்றும் எழுதியிருப்பார்கள். வலப்பக்கம்தான் எப்போதும் நீளமாக இருக்கும்.

எனக்கு அன்று கொஞ்சம் எரிச்சல்தான். மழையில் நனைந்து வந்தவனிடம் இல்லாதவற்றின் பட்டியலை வாசித்தால் யாருக்கு இனிக்கும்? வேறு கடைக்குப் போகக் குடை இல்லாததால் உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்தவன் மூன்று ஆண்டுகளாக வாரம் இரண்டு முறையாவது அதே மேசைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

சமையல் அக்காவுடையது. பரிமாறுவதும் கணக்கும் அண்ணன், அதாவது அவருடைய கணவர். திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பல வருடங்கள் வேலை பார்த்தவர். சோற்றை இலையில் போடும்போதுகூட அளவு தவறாமல் ஒரே உயரத்தில் குவிப்பார். காய், கீரை, அரிசி எல்லாம் பெரும்பாலும் அக்காவின் தாய்மாமனிடமிருந்து வருகின்றன. லால்குடிக்கு அப்பால் பெருவளை வாய்க்கால் பாயும் ஊரில் அவருக்கு நான்கு ஏக்கர் நிலம். வியாழனும் ஞாயிறும் டி.வி.எஸ். 50-இல் இரண்டு பக்கமும் சாக்குத் தொங்க வந்து இறங்குவார். அவர் சாக்கில் என்ன இருக்கிறதோ அதுதான் சிலேட்டின் இடப்பக்கம்.

சாம்பாரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பத்து நாள் போன பிறகு ஒருநாள் இலையில் சாம்பார் விழுந்தது. மஞ்சளாக, கொஞ்சம் இளகலாக, வாசனையில் ஏதோ மாற்றம். பாசிப்பருப்பில் செய்தது. ஏன் துவரம்பருப்பு போடுவதில்லை என்று கேட்டேன். "மாமா வயலில் துவரை விளையாது. கடையில் வாங்குகிற துவரை மகாராஷ்டிரத்திலிருந்தும் குல்பர்காவிலிருந்தும் வருகிறது. எந்த வயல், என்ன தெளித்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அக்கா.

உளுந்தும் பச்சைப்பயறும் அப்படியில்லை. டெல்டாவில் அவை நெல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு வருபவை. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே நிற்கும் பயிருக்குள் பயறு விதைப்பார்கள். நெல் போன பிறகு மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் மாசிப் பனியிலுமே அது காய்த்துவிடும். தனித் தண்ணீர், தனி உழவு, தனி உரம் எதுவும் தேவையில்லை. இப்போதெல்லாம் அறுவடை இயந்திரம் இறங்கி முளைத்த பயற்றை நசுக்கிவிடுகிறது என்பது மாமாவின் நிரந்தரப் புகார். ஆள் வைத்து அறுத்தால் கூலி கட்டாது, இயந்திரம் விட்டால் பயறு போகிறது. எதை இழப்பது என்று அவர் ஒவ்வொரு தை மாதமும் புதிதாக முடிவு செய்கிறார். அந்த முடிவைப் பொறுத்துத்தான் வெயில் காலத்தில் என் இலையில் சாம்பார் எத்தனை நாள் விழும் என்பது.

பெருங்காயம் நம் நாட்டில் விளைவதில்லை, ஆப்கானிஸ்தான் பக்கத்திலிருந்து வருகிறது என்று நான் ஒருமுறை புத்திசாலித்தனமாக மடக்கினேன். "தெரியும். அதனால்தான் அதைச் சிலேட்டில் எழுதுவதில்லை" என்றார். உப்பு வேதாரண்யம், சின்ன வெங்காயம் பெரம்பலூர், மிளகு வெளியூர். எது தன் ஊர், எது தன் ஊர் இல்லை என்று கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவார். 'எல்லாமே நூறு சதவீதம் ஆர்கானிக்' என்ற வாசகத்தை நான் அந்தக் கடையில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

வேறு இடத்தில் கேட்டிருக்கிறேன். ஒரு பெருநகரத்தில், பெயர் வேண்டாம், இயற்கை உணவகம் என்று ஒன்றுக்கு நண்பர்கள் அழைத்துப் போனார்கள். மூங்கில் விளக்கு, மண் குவளை, சணல் பையில் சுற்றிய பட்டியல். உள்ளே கீன்வா, ப்ராக்கலி, ஸ்ட்ராபெரி. வெளியே வியர்க்க வியர்க்கச் சித்திரை வெயில். எல்லா மாதமும் எல்லாமும் கிடைக்குமா என்று கேட்டேன். "நிச்சயமாக, வருடம் முழுவதும்" என்று பெருமையாகச் சொன்னார் பரிமாறியவர். எந்த ஊர் மண்ணில் வருடம் முழுவதும் எல்லாம் விளைகிறது? குறை சொல்லும்படி எதுவும் இல்லாத சாப்பாடு. இன்றுவரை அதில் ஒரு கவளம்கூட எனக்கு நினைவில் இல்லை.

இங்கே நினைவில் நிற்பவற்றில் முதலாவது கத்திரிக்காய். இரண்டரை மணிக்குக் கடை மூடிய பிறகு ஒருநாள் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, மறுநாளைக்கு அக்கா காய் பிரிப்பதைப் பார்த்தேன். முறம் நிறையக் கத்திரிக்காய். ஓட்டை விழுந்தவற்றை ஒருபுறம் ஒதுக்குவார் என்று நினைத்தேன். அவர் அவற்றை முதலில் எடுத்து வெட்டிச் சொத்தையை நறுக்கிவிட்டு மிச்சத்தைத் தண்ணீரில் போட்டார். பளபளவென்று கீறலே இல்லாமல் இருந்த காயைத்தான் கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தார். காம்புக்கடியில் பச்சைத் தொப்பியை நகத்தால் நெம்பி, அங்கே ஊசி முனை அளவுக்குத் தழும்பு இருக்கிறதா என்று தேடினார்.

"ஓட்டை இருந்தால் புழு வெளியே போய்விட்டது என்று அர்த்தம் தம்பி. ஓட்டை இல்லாத காய்க்குள்தான் அது உட்கார்ந்திருக்கும்."

உண்மைதான். காய்ப்புழு சின்னஞ்சிறு குஞ்சாக இருக்கும்போதே காம்பருகே துளைத்து உள்ளே போய்விடும். போன வழி ஆறி மூடிக்கொள்ளும். உள்ளே தின்று கொழுத்து, கூட்டுப்புழுவாக மாற மண்ணுக்கு இறங்கும்போதுதான் பெரிய ஓட்டை போடும். இந்த ஒரு புழுவுக்காகத்தான் கத்திரிக்காய்க்கு மருந்து மேல் மருந்தாக அடிக்கிறார்கள். மரபணு மாற்றிய பி.டி. கத்திரிக்காயைக் கொண்டுவர முயன்றதும் இதற்காகத்தான். 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்திவைத்தது. மாமா வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கிறார், இனக்கவர்ச்சிப் பொறி கட்டுகிறார், நுனி வாடித் தொங்கும் தண்டைக் கிள்ளி எரிக்கிறார். இவ்வளவுக்குப் பிறகும் நாலில் ஒரு காய் சொத்தை. அதனால் இந்தக் கடையில் எண்ணெய்க் கத்திரிக்காய் சாப்பிட்டால் ஒன்றைக் கவனிக்கலாம். மற்ற இடங்களில் காம்போடு முழுதாக வரும் காய் இங்கே நான்கு துண்டாகப் பிளந்து வரும். விருந்துக்கு அழகில்லைதான். ஆனால் ஒவ்வொரு துண்டையும் ஒருவர் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் சட்டியில் போட்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

அப்படியும் ஒருநாள் என் இலையில், கீரைமசியலில், ஒரு சின்னப் பச்சைப் புழு வந்தது. வெந்து போயிருந்தது. அண்ணனை ஜாடையாகக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகம் கறுத்துவிட்டது. இலையை மாற்றி, அன்று பணம் வாங்கவே மறுத்துவிட்டார். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "புழு இருந்தால்தானே மருந்து அடிக்காத கீரை!" என்று ஆறுதல் சொன்னார். இந்த வாதம் எனக்குப் பிடிப்பதில்லை. மருந்து அடிக்காத கீரைக்குக் கூடுதலாக இரண்டு முறை அலசல் வேண்டும், அவ்வளவுதான். புழு நற்சான்றிதழ் ஆகிவிடாது. அக்காவும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். அடுத்த வாரம் முழுக்கச் சிலேட்டின் வலப்பக்கத்தில் கீரை இருந்தது.

சான்றிதழ் என்றதும் ஒன்று. மருந்தடிக்காத விவசாயத்தை அரசாங்கம் 'அங்கக வேளாண்மை' என்று எழுதுகிறது. 2023-இல் தமிழ்நாடு வெளியிட்ட கொள்கைக்கும் அந்தப் பெயர்தான். கடைக்காரர்கள் 'ஆர்கானிக்' என்கிறார்கள். இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் ஐயாவைக் கேட்டு வளர்ந்த தலைமுறை 'இயற்கை' என்கிறது. மாமா எதையும் சொல்வதில்லை. "மருந்து இல்லாமல் செய்கிறேன்" என்பார், அதிலும் ஓர் 'இல்லாமல்'. அவரிடம் சான்றிதழ் கிடையாது. வாங்க வழிகள் இருக்கின்றன. ஏற்றுமதிக்குச் செல்லுபடியாகும் சான்று இருக்கிறது. சுற்றுவட்டார விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதி சொல்லும் முறையும் இருக்கிறது. ஐந்து பேராவது சேர வேண்டும். "என் வாய்க்காலில் நான் ஒருவன்தான். மேல் வயல்காரன் யூரியா போட்ட தண்ணீர் என் வயல் வழியாகத்தான் வடிகிறது. நான் என்னவென்று கையெழுத்துப் போட?" என்று அவர் ஒரு வியாழக்கிழமை என்னிடம் கேட்டார். வரப்பை அகலமாக்கி, வரப்போரம் வெட்டிவேரும் சணப்பும் வளர்த்து, மேலிருந்து வரும் தண்ணீர் முதலில் விழ ஒரு குட்டை வெட்டியிருக்கிறார். முழுதும் சுத்தமென்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அந்தத் தயக்கத்தை நம்பித்தான் நான் சாப்பிடுகிறேன்.

இனி அரிசி. இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவையே ஆரம்பித்தேன்.

இந்தப் பக்கத்தில் அரிசி என்றால் மண்ணச்சநல்லூர்ப் பொன்னி. ஸ்ரீரங்கத்திலிருந்து கொள்ளிடப் பாலம் தாண்டினால் அரை மணி நேரத்தில் ஆலை ஆலையாக நிற்கும். அப்படிப்பட்ட ஊரின் தலைவாசலில் உட்கார்ந்துகொண்டு பொன்னி வேண்டாம் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அக்கா கடையில் தினப்படிச் சோறு தூயமல்லி. சனிக்கிழமை மட்டும் மாப்பிள்ளைச் சம்பா. இரண்டும் பாரம்பரிய நெல்.

விதை வந்த கதையை மாமா அடிக்கடி சொல்வார். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவுக்குப் போனாராம். அங்கே விதை நெல்லுக்குக் காசு கிடையாது. இரண்டு கிலோ வாங்கினால் அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. 174 வகை பாரம்பரிய நெல்லைத் தேடித் திரட்டிய மனிதர் அவர், 2018 டிசம்பரில் மறைந்தார். மாமா முதல் வருடமே நான்கு கிலோவைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். "கடனிலேயே சந்தோஷமாக அடைத்த கடன் அதுதான்" என்பார்.

ஆனால் அந்த நெல் சொன்னபடி கேட்கும் நெல் இல்லை. 1966-இல் பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர்.8 என்ற குட்டை நெல் வந்தபோது ஏன் எல்லாரும் அதன் பின்னால் ஓடினார்கள் என்பது மாப்பிள்ளைச் சம்பாவை ஒருமுறை வயலில் பார்த்தால் புரியும். ஆள் உயரத்துக்கு வளர்கிறது. ஐந்து மாதத்துக்கு மேல் நிற்கிறது. கொஞ்சம் உரம் அதிகமானால், கதிர் முற்றும் நேரத்தில் காற்று ஒன்று அடித்தால், பாய் விரித்ததுபோலச் சாய்ந்துவிடுகிறது. குட்டை நெல் சாயாது. யூரியாவைக் கொட்டக் கொட்டக் கதிராக்கும். பட்டினிக்குப் பயந்த காலத்தில் அந்தக் குட்டை நெல்தான் வயிற்றை நிரப்பியது. அதைச் சாபமாக மட்டும் பேசுகிறவர்கள் ரேஷன் கடை வரிசையை மறந்துவிட்டவர்கள். மாமாவுக்குப் பக்கத்து வயலில் கிடைப்பதில் பாதிதான் மூட்டை. அரிசியின் விலை ஏன் இரட்டிப்பாக இருக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

அறுத்த பிறகும் தொல்லை தீராது. பெரிய ஆலைகள் பத்து மூட்டைக்கு இயந்திரத்தை ஓட்டாது. முன்னால் அரைத்த பொன்னி இவருடையதில் கலக்கும், இவருடையது அடுத்தவருடையதில் கலக்கும். உமி நீக்கும் சின்ன ஹல்லர் இயந்திரம் வைத்திருப்பவரைத் தேடிப் பிடித்து, அவர் ஓய்வாக இருக்கும் நாளில் போய், பக்கத்திலேயே நின்று அரைத்துக் கொண்டுவர வேண்டும்.

பிறகு அக்காவின் பாடு. போன வருடம் பங்குனி. பழைய அரிசி தீர்ந்துவிட்டது, தை அறுவடையின் புது அரிசிதான் கையில். புது அரிசிக்கு ஈரம் அதிகம், ஆறு மாதமாவது கிடந்தால்தான் சோறு உதிரும். அன்று என் இலையில் விழுந்தது சோறா களியா என்று சொல்ல முடியாது. குழம்பை ஊற்றினால் உள்ளே இறங்காமல் மேலேயே நின்றது. பதினெட்டுப் பேரும் பேசாமல் சாப்பிட்டோம். அக்கா அடுக்களை வாசலில் நின்று ஒவ்வோர் இலையாகப் பார்த்தார். மறுநாள் சிலேட்டின் இடப்பக்கத்தில் ஒரே வரிதான்: 'பொங்கல், கொத்சு'. வலப்பக்கத்தின் தலைப்பில் 'சோறு'.

மூன்று வாரம் அப்படியே ஓடியது. புது அரிசிக்குக் குழைவதுதான் சுபாவம், பொங்கலுக்கு அதுதான் வேண்டும். மிளகும் நெய்யும் அளவாக. கத்திரிக்காய்க் கொத்சு. சில வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். பகலில் பொங்கலா என்று எனக்கும் முதல் நாள் தோன்றியது. மூன்றாவது வாரம் வேறு எங்கிருந்தோ பழைய அரிசி கிடைத்துச் சோறு திரும்பியபோது, உள்ளதைச் சொன்னால், கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

மாப்பிள்ளைச் சம்பாவுக்கு வேறு கணக்கு. முந்தின இரவே ஊறப்போட வேண்டும். சிவப்பாக, தடியாக, பல்லுக்குக் கொஞ்சம் வேலை கொடுக்கும். வடித்த கஞ்சி இளஞ்சிவப்பாக இருக்கும், அதில் மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் போட்டு முதல் டம்ளராக வைப்பார்கள். சனிக்கிழமைக் கூட்டத்தில் பாதி அந்தக் கஞ்சிக்கு வருவது. மறு பாதி, கைபேசியில் வந்த செய்தியை நம்பி வருவது. சர்க்கரை நோய் போய்விடும், மூட்டுவலி போய்விடும், இளவட்டக்கல்லைத் தூக்கலாம் என்று அண்ணனிடமே வகுப்பு எடுப்பார்கள். ஒருவர் மூன்றாம் முறை சோறு கேட்டுவிட்டு, "இது சர்க்கரையை ஏற்றாதல்லவா?" என்றார். உள்ளேயிருந்து அக்காவின் குரல் மட்டும் வந்தது: "அரிசி அரிசிதான் ஐயா. டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்." வியாபாரம் தெரியாதவர் என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

வியாபாரம் என்றால், சாப்பாடு 160 ரூபாய். நாலு தெரு தள்ளி நூறு ரூபாய்க்கு வயிறு நிறையும். தினமும் வெளியே சாப்பிட வேண்டிய கூலித் தொழிலாளி இந்தப் படியேற மாட்டார். மருந்தில்லாத சோறு வசதியுள்ளவன் தட்டுக்குத்தான் வருகிறது என்ற உறுத்தல் எனக்கு உண்டு. அக்காவிடம் கேட்டால், மாமாவுக்குக் குறைத்துக் கொடுக்கவா, உதவிக்கு வரும் பெண்ணுக்குக் குறைத்துக் கொடுக்கவா என்று திருப்பிக் கேட்பார். என்னிடம் பதில் இல்லை.

இந்தக் கடையின் அருமையை ஊருக்கெல்லாம் சொல்லும் ஆர்வத்தில் போன சித்திரையில் ஒரு தவறு செய்தேன். பெங்களூரிலிருந்து பெரியம்மா மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். ரங்கநாதர் தரிசனம் முடிந்து ஐந்து பேராக அழைத்துப் போனேன். ஒன்றரை மணி. சிலேட்டைப் பார்த்து எனக்கே திக்கென்றது. வறட்சி. இடப்பக்கம்: தூயமல்லிச் சோறு, மணத்தக்காளி வத்தக்குழம்பு, வாழைக்காய் வறுவல், மோர், மாவடு. அவ்வளவுதான். அண்ணியார் மெதுவாக, "ஆர்கானிக் என்றீர்களே, ஒரு சாலட்கூட இருக்காதா?" என்றார். பையனுக்கு உருளைக்கிழங்கு வேண்டும். வாழைக்காயைத் தொட்டுப் பார்த்து வைத்துவிட்டான். நான் வயல், வாய்க்கால், கோடை என்று விளக்க ஆரம்பித்தேன். விளக்கம் சொல்லிச் சாப்பிட வைக்கும் சாப்பாடு எவ்வளவு பரிதாபம் என்பது பாதி வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது. பையன் இரண்டு அப்பளத்தோடு எழுந்தான். வெளியே வந்து அவனுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். அண்ணன்காரன் மட்டும் காருக்குள் ஏறும்போது, "அந்த மாவடு கொஞ்சம் பொட்டலமாகக் கிடைக்குமா?" என்று கேட்டான். கேட்டுப் பார்த்தேன். இல்லை.

சென்ற வியாழக்கிழமை பதினொரு மணிக்கே போன் செய்தேன். இப்போதெல்லாம் 'என்ன இருக்கிறது' என்று கேட்பதில்லை.

"அக்கா, இன்றைக்கு என்ன இல்லை?"

"வாழைப்பூ ஆறு வந்திருக்கிறது. கள்ளன் எடுக்க ஆள் இல்லை. உதவிக்கு வருகிற பெண்ணுக்குக் காய்ச்சல்."

அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன். கூடத்தில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தேன். மடலை உரித்தால் சீப்பாக இளம்பூக்கள். ஒவ்வொன்றிலும் தலை தடித்த விறைத்த நரம்பு ஒன்று, அதுதான் கள்ளன். பக்கத்தில் கண்ணாடித் தாள் போல ஒரு சிறு செதில். இரண்டையும் கிள்ளிவிட்டுப் பூவை மோர்த் தண்ணீரில் போட வேண்டும், இல்லையென்றால் கறுத்துவிடும். கையில் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொன்னார் அக்கா. ஆறு பூதானே என்று நான் தடவிக்கொள்ளவில்லை. முதல் பூவை முடிக்க இருபது நிமிடம் ஆனது. எதிரே உட்கார்ந்திருந்த மாமா அதற்குள் மூன்றை முடித்து, என் குவியலிலிருந்து நான் விட்டுவிட்ட கள்ளன்களைப் பொறுக்கி எடுத்துக் காட்டினார்.

பாசிப்பருப்பும் தேங்காயும் போட்ட வாழைப்பூப் பொரியல் ஒன்றேகால் மணிக்குத் தீர்ந்துவிட்டது. அண்ணன் என்னைக் கூப்பிட்டுச் சிலேட்டில் வலப்பக்கம் எழுதச் சொன்னார், எழுதினேன். கிளம்பும்போது கணக்குப் புத்தகத்தில் என் பெயருக்கு நேரே 160 என்று போட்டார். கொஞ்சம் யோசித்து அதை அடித்துவிட்டு 140 என்று எழுதினார்.

"ஒரு பூவுக்குக் கூலி" என்றார். "மற்ற ஐந்தும் மாமா கணக்கு."